ஒரு வாசல், இரு ஒளி

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் எஃகாலைகளில் வெப்பம் கண்ணுக்குத் தெரியும். உலையிலிருந்து வெளிவரும் எஃகு செந்தழலாய் ஒளிர்கிறது. கண்டவர் எவரும் தாமாகவே விலகி நிற்பர். அதே ஆலையின் வேறொரு மூலையில், மின்பகிர்வுப் பெட்டிக்குள், மரையாணி தளர்ந்த இணைப்பொன்று 100 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சூடேறிக்கொண்டிருக்கலாம். அது ஒளிர்வதில்லை. ஏறத்தாழ 500 டிகிரியைக் கடந்த பின்னரே பொருள்கள் கண்ணுக்குச் சிவந்து தெரியும். அதற்கு வெகு முன்னரே கம்பியின் உறை கருகித் தீப்பற்றிவிடும். ஆலையில் அஞ்சத்தக்கது சிவந்த இரும்பன்று, சிவக்காத செம்பு.

கண்ணுக்குத் தெரியாத இக்கதிரை வில்லியம் எர்செல் 1800ஆம் ஆண்டில் கண்டறிந்தார். முப்பட்டகம் பிரித்த சூரிய ஒளியில், சிவப்புக்கு அப்பால், இருளாய்த் தோன்றிய இடத்தில் அவர் வைத்த வெப்பமானி ஏறிற்று. இன்றைய வெப்பப் படக்கருவிகள் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு படம் வரைகின்றன. அப்படத்தில் வெப்பம் உண்டு, அடையாளம் இல்லை. மும்முனை மின்சாரத்தின் பட்டைகளைச் சிவப்பு, மஞ்சள், நீலம் எனக் குறியிட்டு அறிவது நம் ஆலைகளின் வழக்கம். வெப்பப் படமோ சூடேறியதற்கெல்லாம் தானே ஒரு நிறம் பூசுகிறது. நீலக் குறியிட்ட பட்டை கொதித்தாலும் அதில் சிவப்பாகவே தெரியக்கூடும். மற்றோர் ஏமாற்றும் உண்டு. பளபளக்கும் செம்பு தன் வெப்பத்தைக் குறைவாகவே உமிழ்ந்து, எதிரே நிற்பவரின் உடல் வெப்பத்தை எதிரொளிக்கும். ஆகவே கொதிக்கும் செம்பும் குளிர்ந்ததாகத் தோன்றும். அது பளபளக்கும் செம்பு என்பதை உணர்த்த இயல்பான வண்ணப்படமே வேண்டும்.

ஒரே கருவியில் இரு வில்லைகளைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, இரு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக இடுவது எளிய வழி. வில்லைகளுக்கிடையே 4 செ.மீ. இடைவெளி என்று கொள்வோம். தொலைவிலுள்ள மின்மாற்றியைப் பார்க்கையில் இவ்விலகல் பொருட்டன்று. ஒரு மீட்டர் முன்னுள்ள பெட்டியிலோ, அடுத்தடுத்த இணைப்புகளுக்கிடையே உள்ள தூரமே அவ்வளவுதான். படத்தை நகர்த்திச் சரிசெய்யலாம். ஆனால் முன்வரிசைக்குச் சரியான நகர்வு பின்வரிசைக்குப் பிழையாகும். சூடு அண்டை மரையாணியின்மேல் படிந்து தெரிந்தால், மின்பணியாளர் நல்ல இணைப்பை முடுக்கிவிட்டுக் கதவைச் சாத்திச் செல்வார். தளர்ந்தது தளர்ந்தபடியே இருக்கும்.

இரு ஒளிக்கும் ஒரே வாசல் அமைத்தால் இவ்விலகல் எழாது. ஆனால் அந்த வாசலை எதனால் செய்வது? சாதாரணக் கண்ணாடி நீள்அலை அகச்சிவப்புக் கதிரை மறித்துவிடும். பெட்டியின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று எடுத்த வெப்பப் படத்தில் கதவே தெரியும், உள்ளிருப்பது தெரியாது. அக்கதிரை நன்கு கடத்தும் ஜெர்மானியமோ கட்புலனாகும் ஒளியைச் சற்றும் விடாது. உலோகத் தகடுபோல் மினுங்கும். இரண்டையும் கடத்தும் துத்தநாக சல்பைடு போன்ற பொருள்கள் சில உண்டு. அவற்றிலும் ஒளிக்கு ஒளி விலகல் எண் வேறுபடுவதால், இரண்டும் ஒரே இடத்தில் குவிவதில்லை. உலோகப் பூச்சிட்ட குழியாடிக்கு இந்தப் பேதமில்லை. எவ்வொளியையும் ஒரே குவியத்துக்கே அனுப்பும். அதன்பின் ஒருவகை ஒளியைக் கடக்கவிட்டு மற்றதை எதிரொளிக்கும் பூச்சுத் தகடொன்றை வைத்தால், வாசலில் ஒன்றாய் நுழைந்தவை உள்ளே தத்தம் உணர்விக்குப் பிரிந்து செல்லும். கையடக்கக் கருவிக்கு இவ்வமைப்பு பெரிது, விலையும் மிகுதி. ஆலைத்தளத்தில் இரு வில்லைகளே இன்றும் பெருவழக்கு.

விலையைப் பாராது இவ்வமைப்பை நாடிய கருவியொன்று கும்மிடிப்பூண்டிக்கு அண்மையிலிருந்தே வானேறியது. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2016 செப்டம்பர் 8 அன்று இன்சாட்-3டிஆர் செலுத்தப்பட்டது. அதன் படக்கருவி, ஒரே தொலைநோக்கியின் வழியே வரும் கதிர்களைக் கட்புலனாகும் ஒளி முதல் வெப்பக் கதிர் வரை ஆறு பட்டைகளாகப் பிரித்துப் பதிவுசெய்கிறது. ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில், ஒரு பாகையின் நூறில் ஒரு பங்கு திசை பிறழ்ந்தாலும் தரையில் 6 கி.மீ. பிறழும். கட்புலனாகும் படத்தின் ஒரு புள்ளி 1 கி.மீ. பரப்பையும், வெப்பப் படத்தின் ஒரு புள்ளி 4 கி.மீ. பரப்பையும் நீள அகலங்களில் அடக்கும். ஒவ்வொரு வெப்பப் புள்ளிக்குள்ளும் பதினாறு ஒளிப்புள்ளிகள் அமையவேண்டும்.

இவ்வளவு துல்லியம் எதற்கு? பழவேற்காட்டு மீனவர் கடலுக்குப் போவதா வேண்டாவா என்பது இதனையும் சார்ந்தது. தாழ்ந்த மேகம் பகற்படத்தில் வெண்மையாய்த் தெரியும். வெப்பப் படத்தில் கடலோடு கலந்து மறையும். உயரத்திலுள்ள மெல்லிய மேகம் பகற்படத்தில் மங்கலாகும். வெப்பப் படத்தில் கடுங்குளிராய்த் துலங்கும். இரண்டிலும் ஓங்கித் தெரிவதே இடிமேகம். வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று சென்னையருகே கரையைக் கடந்து திருவள்ளூர் மாவட்டத்தையும் உலுக்கியது. அத்தகைய புயல் நெருங்கும் இரவில் பகற்படம் முழு இருளாகிவிடும். மேக உச்சியின் குளிரை மட்டுமே கொண்டு அதன் வழியைத் தொடரவேண்டும். விடிந்ததும் ஒளிப்படம் மீள்கிறது. வெப்பப் படத்தில் குளிர்ந்து தெரிந்த மேகங்களின் மேலேயே, அதே வாசலின் வழியே வந்து படிகிறது.