காதல் கவிதையும் காப்புரிமையும்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கண்ணே" என்று பேரவைத் தம்பிகள் வந்து நின்றபோது எனக்கு 1992 ஞாபகம் வந்தது. அப்போதும் இதே மலர்தான். "ட்ரெய்னிங் போன இடத்தைப் பத்தி எழுதுடா" என்றார் பொறுப்பாசிரியர். நான் எழுதிக் கொடுத்தது காதல் கவிதை!

ட்ரெய்னிங், மெட்ராஸில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் சென்டரில். ஏ.சி. குளிரில் நடுங்கிக்கொண்டே நைட் ஷிப்ட். மெயின்ஃப்ரேமில் அன்றைய வேலைகள் முடிந்ததும் விலைப்பட்டியல் ஃபைலை டெலிபோன் லைன் வழியாகக் கிளைகளுக்கு அனுப்புவோம். எந்தக் கிளைக்கு எந்த ஃபைல் என்று ஒரு பட்டியல் உண்டு. போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து பதில் வரும். லாக் புத்தகத்தில் டிக் அடிப்போம். பாதியில் லைன் செத்தால், விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடரும். விடியும்வரை லைன் வராத கிளைக்கு டேப் பஸ்ஸில் போகும்.

இதெல்லாம் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1981-லேயே அமெரிக்காவில் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகமும் யேல் பல்கலைக்கழகமும் தொடங்கிய பிட்நெட்டில், ஃபைல்கள் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிக் கைமாறித்தான் போயின.

2009-ல் எங்கள் கம்பெனியின் அமெரிக்க வாடிக்கையாளருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. மையக் கம்ப்யூட்டரிலிருந்து பட்டியல்படி பல இடங்களுக்கு ஃபைல் அனுப்பி ரசீது வாங்குவது யாரோ ஒருவரின் காப்புரிமையாம். விண்ணப்பம் போட்டது 1990-களின் கடைசியில்!

"இதை நாங்க மெட்ராஸ்ல தினமும் பண்ணினோமே சார்!" என்று மேனேஜரிடம் குதித்தேன். அவர் அமெரிக்க வக்கீலைக் கேட்டு வந்து சொன்னார். அந்த நாட்டின் அப்போதைய சட்டப்படி, அமெரிக்காவுக்குள் நடைமுறையில் இருந்தால்தான் கணக்கு. வெளிநாடு என்றால் காப்புரிமையாகவோ அச்சிலோ வந்திருக்க வேண்டும். (2013 மார்ச் 16 முதல் போட்ட புது விண்ணப்பங்களுக்கு இந்தப் பாகுபாடு இல்லை. எங்களுக்கு அது உதவவில்லை.)

"அச்சுல ஏதாவது இருக்காப்பா?"

லாக் புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய் வருஷங்களாகியிருந்தன. அச்சில் இருந்தது என் கவிதைதான்.

பிட்நெட் காலத்துக் கையேடுகளைத் தேடியிருந்தால் ஏதாவது கிடைத்திருக்கும். யாரும் தேடவில்லை. வழக்காடுவதைவிட மலிவு என்று கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் செலவை ஈடுகட்ட எங்கள் டீமில் இரண்டு பேரைக் குறைத்தார்கள். ஒருவன் நம் பாலிடெக்னிக் பையன், நான்தான் சேர்த்துவிட்டிருந்தேன்.

ஆகவே தம்பிகளே, இந்த முறை கவிதை கிடையாது. நைட் ஷிப்டில் செய்த வேலையை மேலே எழுதிவிட்டேன். மலர் வந்ததும் ஒரு பிரதியைத் தேதி முத்திரை போட்டு நூலகத்தில் வைத்துவிடுங்கள்.