ஆறாவது பிளக்

ஐந்து ஸ்பார்க் பிளக்கை மாற்றிவிட்டு ஆறையும் மாற்றியதாகச் சொன்னேன். மறதி, அவசரம் என்றெல்லாம் அதற்குப் பெயர் வைக்க மாட்டேன். தெரிந்தே சொன்ன பொய்.

ஹூஸ்டனில் நான் ஓட்டுவது 2013 மாடல் ஃபோர்டு எஃப்-150 பிக்கப். 3.5 லிட்டர் வி6 எஞ்சின், இரண்டு டர்போ. முன்பக்கத்து பிளக்குகளுக்குக் கை சுலபமாகப் போகும். டிரைவர் பக்கத்துக் கடைசி சிலிண்டர்தான் ஆறாவது. அதன் இக்னிஷன் காயிலின் கிளிப் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் பிடிக்க வேண்டும். சூட்டில் காய்ந்துபோன பிளாஸ்டிக். அழுத்தினால் உடைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது, பொழுதும் சாய்ந்துவிட்டது. புது பிளக்கை அட்டையோடு டூல் பாக்ஸில் போட்டு மூடினேன். வீட்டில் கேட்டதற்கு "எல்லாம் மாத்தியாச்சு" என்றேன்.

பிளக் தேயத் தேய அதன் முனைகளுக்கு நடுவே கேப் அகலும். இந்த எஞ்சினுக்கு அது ஏறக்குறைய 0.75 முதல் 0.90 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டர்போ காற்றைத் திணிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறிவிடும். அந்த அழுத்தத்தில் பொறி தாவ வோல்டேஜ் அதிகம் வேண்டும். காயிலால் தர முடியாவிட்டால் சிலிண்டர் மிஸ் அடிக்கும். அதனால் சிக்னலில் நிற்கும்போது ஒரு குறையும் தெரியாது. பாரத்தோடு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதுதான் வண்டி வெட்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மெல்ல மிதித்தே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வீடு மாற்ற, டிரெய்லர் இழுக்க வண்டி வேண்டும் என்று நண்பன் கேட்டான். என்னைவிடச் சின்னவன், அண்ணா என்றுதான் கூப்பிடுவான். "பிளக்கெல்லாம் புதுசுதான், தைரியமா எடுத்துட்டுப் போ" என்று சாவியைக் கொடுத்தேன். மெல்ல மிதிக்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான்.

ஐ-10 நெடுஞ்சாலையில் ஏறும் சரிவில், பின்னால் லாரி வேகமாக நெருங்கும்போது வண்டி குலுங்கி இழுக்க மறுத்தது. எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிப் பாழாக்கும் என்பதற்கான எச்சரிக்கை அது. எப்படியோ ஓரம் கட்டிவிட்டான். பின் சீட்டில் அவன் பிள்ளைகள் இருவர்.

வண்டியைத் திருப்பித் தரும்போது டேங்கை நிரப்பி, இன்ஜெக்டர் கிளீனரும் ஊற்றியிருந்தான். "நான் போட்ட பெட்ரோல்தான் சரியில்லை போல, மன்னிச்சிடுங்கண்ணா" என்றான். "பரவாயில்லை" என்றேன். பொய்யிலேயே கேவலமானது அந்த ஒரு சொல்தான்.

அவன் போனதும் ஸ்கேனரை மாட்டினேன். பிழைக் குறியீடு பி0306. ஆறாவது சிலிண்டர். அன்றிரவே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிளக்கைக் கழற்றினேன். நான் பயந்த கிளிப் உடையவே இல்லை.

இதை எழுதுவதற்கு முன் அவனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெட்ரோலைப் பற்றி அவன் பேசவில்லை. "பசங்களும் வர்றாங்கன்னு தெரிஞ்சுதானே சாவி கொடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன்.