வாலண்டியர் என்ற சொல்

ஜூரோங்கில் வார இறுதியில் பஸ் ஏறினால் தேசிய சேவைப் பையன்கள் சிலர் நிற்பார்கள். முதுகில் பெரிய பை, வாயில் 'அலவன்ஸ் பத்தல மச்சான்' என்ற புலம்பல். அவர்களுக்கு அது சட்டம். 1967இலிருந்து கட்டாயம்.

1943இல் இதே தீவில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் தமிழர்கள் விரும்பிச் சேர்ந்தார்கள் என்று படிக்கிறோம். பலர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தொழிலாளிகள். போரில் ரப்பர் வியாபாரம் படுத்துவிட்டது. கூலி இல்லை, அரிசி கிடைப்பது குதிரைக்கொம்பு. சயாம் ரயில் பாதைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். முகாமுக்குப் போனால் சோறாவது உண்டு. வெள்ளைக்காரன் சரணடைந்தபோது விட்டுப்போன துப்பாக்கிகளும் இருந்தன.

அப்படியென்றால் அந்த விருப்பம் பொய்யா? அந்த அக்டோபரில் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தது. கேப்டன் லட்சுமியின் தலைமையில் தோட்டத்துப் பெண்கள் காக்கிக் கால்சட்டை போட்டு, துப்பாக்கி பிடித்து, அணிவகுப்பு பழகினார்கள். கங்காணிக்கு முன்னால் நிமிர்ந்து பேச முடியாதிருந்தவர்கள் அவர்கள். பர்மா வரை போயும் போர்முனைக்கு அனுப்பப்படாமலே திரும்பினார்கள்.

பசிக்காக வந்தவர், நாட்டுக்காக வந்தவர் என்று பிரித்து எழுதுவது நமக்கு வசதி. வந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கும்.