கண்ணீருக்கு எத்தனை புள்ளி?

2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எமது பாடசாலையில் பாட்டுப் போட்டியொன்று நடைபெற்றது. நடுவர் மூவரில் நாமும் ஒருவர். சங்கீத ஆசிரியைக்குச் சுருதியும் தாளமும். பழைய மாணவரான பெரியவர் ஒருவருக்கு மேடைப் பாங்கு. பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவர் என்ற காரணத்தினால் உச்சரிப்பும் பாவமும் எமது பொறுப்பில் விடப்பட்டன. பாவம் என்ற தலைப்புக்கு இருபது புள்ளி. பாட முன்னர் ஒவ்வொரு பிள்ளையும் தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேசலாம் என்ற விதியை யார் சேர்த்தார்களோ அறியோம். அவ்விதி எங்கிருந்து வந்தது என்பதை மாத்திரம் மண்டபத்திலிருந்த எல்லோருமே அறிந்திருந்தோம்.

தரம் ஒன்பதில் கற்கும் மாணவி ஒருத்தி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, தன் தந்தை விபத்தொன்றிற் சிக்கிப் படுக்கையில் கிடந்ததையும், வீட்டில் அடுப்பெரியாத நாள்களையும், தாயின் தாலிக்கொடி அடகுக்குப் போனதையும் சொன்னாள். குரல் உரிய இடத்தில் உடைந்தது. பின்னணியில் ஒரு புல்லாங்குழல் மட்டுந்தான் இல்லை. மண்டபம் விம்மியது, நாமும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தோம். பின்னர் அவள் பாடினாள். எப்படிப் பாடினாள் என்பது இப்பொழுது எமக்கு நினைவில்லை. அடுத்து வந்தவள் தன் பெயரையும் தரத்தையும் மாத்திரம் சொல்லிவிட்டுப் பாடத் தொடங்கினாள். ழகரமும் ளகரமும் ஓரிடத்திலேனும் பிறழவில்லை. பாடி முடித்ததும் கைகூப்பி இறங்கிப் போனாள். முன்னவளுக்குப் பாவத்தில் இருபது கொடுத்தோம், பின்னவளுக்குப் பதினான்கு. இறுதிக் கூட்டுத்தொகையில் இருவருக்குமிடையே இருந்த வித்தியாசம் நான்கு புள்ளி. கணக்குத் தெரிந்தவர்கள் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். பாவம் என்ற சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டென்று வகுப்பிலே கற்பிக்கும் நாம், எந்தப் பாவத்துக்கு அந்த இருபதைக் கொடுத்தோம்?

அன்றிரவு இக்கேள்வி எம்மைத் தூங்கவிடவில்லை. நாமும் தொலைக்காட்சி பார்ப்பவர்களே. இதை ஒப்புக்கொள்ள முற்போக்கு வட்டாரங்களில் ஒரு கூச்சம் இருக்கிறது. எமது தோழர்கள் சிலர் இந்நிகழ்ச்சிகள் யாவற்றையும் 'அபின்' என்ற ஒரே சொல்லால் அடித்து ஒதுக்கிவிட்டு அப்பாற் போய்விடுவர். மார்க்ஸ் அந்தச் சொல்லை மதத்தைக் குறித்து எழுதியபோது, அபின் வலி தணிக்கும் மருந்துமாகும் என்பதை மறந்து எழுதவில்லை. வலி எங்கே என்பதுதான் அவருடைய கேள்வி. அதைக் கேளாமல் பார்வையாளனைப் பழிப்பது எமக்கு ஒப்பவில்லை.

போட்டி என்ற வடிவம் எமக்குப் புதியதன்று. கொழும்பு வானொலியிலே பி. எச். அப்துல் ஹமீட் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' இந்த மண்ணிலே வளர்ந்து, பின்னர் கடல் கடந்து சன் தொலைக்காட்சிவரை சென்றது. தரப்படும் எழுத்திலே தொடங்கும் பாடலை நினைவிலிருந்து மீட்டுப் பாடவேண்டும், அவ்வளவுதான். தடுமாறினால் தோல்வி. போட்டியாளரின் வீட்டுக் கூரை ஒழுகுகிறதா என்று கேட்பதற்கு அந்த விதிகளில் இடமிருக்கவில்லை. வானொலிப்பெட்டியைச் சூழ்ந்திருந்தவர்களும் கூடவே பாடினார்கள். தமக்கு வரும் பாட்டு அவருக்கு வராமற் போனதையிட்டுச் சிரித்தார்கள். போட்டி நினைவுக்கும் நாவுக்கும் இடையிலேதான் நடந்தது.

இன்றைய போட்டி வேறு பொருளை விற்கிறது. 1999இல் ஒல்லாந்து தேசத்தில் தொடங்கிய 'பிக் பிரதர்' என்ற நிகழ்ச்சியின் தமிழ் வடிவமே 'பிக் பாஸ்'. மூலப்பெயர் ஜோர்ஜ் ஓர்வெல் 1949இல் வெளியிட்ட நாவலில் மக்களை ஓயாது கண்காணிக்கும் கொடுங்கோன்மைக்கு உரியது. அச்சத்தின் பெயர் ஐம்பது ஆண்டுகளில் கேளிக்கையின் பெயராயிற்று. விஜய் தொலைக்காட்சியில் கமல்ஹாசன் நடத்த, அது 2017 ஜூன் 25இல் ஆரம்பமாகியது. நூறு நாள் ஒரு வீட்டுக்குள் அடைபட்டிருப்பதை ஒரு சாதனையாக அது எமக்குக் காட்டியது. அதே ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பிள்ளைகளின் படங்களுடன் வீதியோரத்திற் குந்தியிருந்தனர். பிக் பாஸ் வீட்டின் கதவு திறக்க முன்னரே அவர்களுடைய நூறாவது நாள் கடந்துவிட்டது. காலையில் ஆசிரியர் ஓய்வறையில் நாம் எந்த நூறு நாளைப் பற்றிப் பேசினோம் என்பதை இங்கே எழுத வெட்கமாயிருக்கிறது.

ஆயினும் 2019ஐ நினைக்கும்போது தீர்ப்பு அத்துணை எளிதாயில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த செய்தி வந்து சில மணித்தியாலத்துள் எமது தெஹிவளையிலேயே, மிருகக்காட்சிச்சாலைக்கு எதிரிலுள்ள சிறு விடுதியொன்றில் இன்னொரு குண்டு வெடித்து இருவர் மாண்டனர். அதன் பின் பல வாரங்கள் எமது ஒழுங்கையில் பொழுது சாய்ந்ததும் கதவுகள் சாத்தப்பட்டன. முஸ்லிம் அயலவர்களின் கதவுகள் இன்னும் முன்னதாகவே சாத்தப்பட்டன. அவர்களுக்கு அச்சம் இரண்டு. ஜூன் 23இல் பிக் பாஸ் மூன்றாம் பருவம் தொடங்கியபோது, கொழும்பிலே செய்தி வாசித்த லொஸ்லியா என்ற எமது நாட்டுப் பெண் அந்த வீட்டுக்குள் நுழைந்தார். மூடிய கதவுகளுக்குப் பின்னாலிருந்து ஒரே நேரத்தில் ஒரே குரல் ஒழுங்கை முழுவதும் கேட்டது. வெளியே போகமுடியாத மனிதர்கள் வெளியே போகமுடியாத மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

அந்தப் பருவத்தில் ஒரு நாள், பல ஆண்டுகளாக மகளைக் காணாதிருந்த தந்தை கனடாவிலிருந்து வந்து, அந்த வீட்டுக்குள்ளேயே மகளைக் கண்டார். கண்ட இடத்திலேயே கண்டித்தார். மறுநாள் காலி வீதி பஸ்களில் ஒரே பட்டிமண்டபம். தந்தை செய்தது சரியா, மகளின் நடத்தை முறையா என்று ஆளுக்கொரு நியாயம். எமது வகுப்பில் எத்தனை பிள்ளைகளின் தந்தையர் கனடாவிலும் சுவிஸிலும் கட்டாரிலும் இருக்கின்றனர் என்பதை நாம் இடாப்பைப் பார்க்காமலே சொல்வோம். ஒரு தந்தை தன் மகளைக் காணப் பல ஆண்டுகள் ஆவது ஏன் என்று அந்த பஸ்ஸில் ஒருவரேனும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. நாம் தந்தையின் பக்கம் வாதாடிக்கொண்டிருந்தோம்.

2023இல் ஜீ தமிழின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' மேடைக்கு எமது நாட்டுச் சிறுமியர் இருவர் போயினர். அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா அவ்வாண்டு டிசம்பரில் முதலிடம் பெற்றார். அன்றிரவு வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைவரை வெடி கொளுத்திய இளைஞர்களுடன் நாமும் தெருவில் நின்றோம். அம்மகிழ்ச்சியை எவருக்கும் விட்டுக்கொடோம். மற்றவர் புசல்லாவை நயப்பன தோட்டத்தைச் சேர்ந்த அசானி. அச்சிறுமி பாடும்போது குரலிலே மலைக்காற்றின் தெளிவு இருந்தது. ஆனால் அக்குரலை நாம் தனியே கேட்க விடப்படவில்லை. தேயிலைக் கூடையும் லயன் அறையும் முன்னே வந்தன, பாட்டு பின்னே வந்தது. நடுவர்கள் கண் கலங்கினர். அரங்கு எழுந்து நின்றது. கடலுக்கு அப்பால் இப்படியும் தமிழர் இருக்கின்றனரா என்ற வியப்பு பல முகங்களில் தெரிந்தது.

அந்த வியப்பே எம்மை வருத்தியது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கால்நடையாகவும் தோணியிலும் வந்து இம்மலைகளில் ஏறியவர்களின் இருநூறாம் ஆண்டு அது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்கள் அவர்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்று மூட்டை பிரிப்பதுபோற் பிரித்தது. அப்படி அனுப்பப்பட்டவர்கள் நீலகிரியில் தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்களிலேயே கொழுந்து பறித்தனர். அசானியைக் கண்டு வியந்த அரங்கிலிருந்து ஓரிரவுப் பயணத்தில் அவர்களுடைய வீடுகளை அடையலாம். இன்னொன்று: தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில்தான் வர்த்தமானி மூலம் 1000 ரூபாய் ஆயிற்று. 2022 செப்ரெம்பரில் கொழும்பின் விலைவாசி ஏற்றம் 70 விழுக்காட்டை அண்மித்தது. அசானி மேடையேறிய 2023இலும் சம்பளம் அதே ஆயிரந்தான். கூடையைக் காட்டிய கமெரா, கூடையை நிறுத்துக் கூலி கொடுப்பவரைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் கண்ணீருக்குப் பதிலாக வேறேதேனும் வந்திருக்கக்கூடும். வேறேதற்கும் விளம்பரதாரர் கிடையார்.

அச்சிறுமியரை நாம் குறைசொல்லவில்லை. அவர்கள் பாடப் போனார்கள், பாடினார்கள். துயரத்தை நுழைவுச்சீட்டாக வாங்கியவர்கள் வேறு.

தொடர்நாடகங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். இவற்றைப் பெண்களின் பொழுதுபோக்கு என்று இகழ்வது ஆண்களிடையே, முற்போக்கு ஆண்களிடையேயும், வழக்கமாகிவிட்டது. 2022 பெப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் திருச்செல்வம் இயக்கிய 'எதிர்நீச்சல்' ஆரம்பமாகியது. படித்த பெண்களை மருமக்களாக்கிச் சமையலறைக்குள் முடக்கிவைக்கும் வீடொன்றின் கதை. மார்ச் 31இல் எமக்கு 13 மணிநேர மின்வெட்டு. எமது தொடர்மாடியின் பெண்கள் புழுக்கம் தாங்காது மாடிப்படியில் வந்து அமர்ந்தனர். கைத்தொலைபேசியில் எஞ்சிய மின்னைக்கொண்டு எவரேனும் ஒருவர் பார்த்த கதையை மற்றவர்களுக்குச் சொல்லுவார். நாம் மெழுகுதிரி வெளிச்சத்தில் விடைத்தாள் திருத்துவதாகப் பாவனைசெய்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அவள் படிச்சவள்தானே, ஏன் அந்த வீட்டை விட்டு வெளிக்கிடேல்லை?" என்று இளம்பெண் ஒருத்தி கேட்டாள். "வெளிக்கிட்டு எங்க போறது பிள்ளை? வாடகை ஆர் குடுக்கிறது?" என்றார் மூன்றாம் மாடி அக்கா. கீழ்மாடித் தாத்தா, அந்த முஸ்லிம் பெண்மணி, "கைல சல்லி இல்லாட்டி வாசல் தொறந்து கிடந்தாலும் பூட்டினதுதான் மகள்" என்றார். அதன்பின் கதாநாயகியை எவரும் நினைக்கவில்லை. யாருடைய பெயரில் வீடு, யாருடைய கையில் சம்பளம், அடுத்த மாத வாடகைக்கு என்ன வழி என்று பேச்சு நள்ளிரவுவரை சென்றது. நாம் கருத்தரங்குகளில் மணிக்கணக்காகப் பேசியும் எட்டாத இடத்தை அவர்கள் இருட்டிலே மூன்று வசனங்களில் எட்டிவிட்டார்கள். அபின் தின்றவர்கள் பேசும் பேச்சா அது?

நாடகம் அவர்களை அங்கே கொண்டுபோனதென்று நாம் சொல்லவில்லை. நாடகம் நூறு வாரம் அதே சமையலறையைச் சுற்றிவந்தது. வில்லனின் மிடுக்கில் அதற்கே மயக்கம் வந்துவிட்டது. அவ்வேடம் பூண்ட மாரிமுத்து 2023 செப்ரெம்பரில் திடீரென மாண்டபோது படிக்கட்டிலே அழுதவர்களும் அதே பெண்கள்தாம். திரையில் பெண்களை அடக்கிய அம்மனிதர் வாழ்க்கையிலே சோதிடர்களுடன் துணிந்து வாதாடிய பகுத்தறிவாளர் என்பதை நாம் சொல்ல, "அப்ப நல்ல மனுசன்தானே" என்றார் அக்கா.

ஒரு காலத்தில் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' எமது பேச்சிலேயே வானொலித் தொடராக ஒலித்தது. இன்று எமது படிக்கட்டுப் பெண்களின் பேச்சைப் பேசும் தொடர் ஒன்று எந்த அலைவரிசையிலும் நாளாந்தம் வருவதில்லை. இங்கே ஒன்றை ஆக்குவதிலும் சென்னையில் ஆக்கியதை வாங்குவது மலிவு. எமது மாணவர்கள் கட்டுரைகளில் மதுரைப் பேச்சை எழுதுகிறார்கள். நாம் சிவப்பு மையால் கோடிடுகிறோம். ஆனால் அவர்களுடைய வீட்டுப் பேச்சை எழுதியிருந்தாலும் கோடிட்டிருப்போம் அல்லவா?

போட்டி முடிந்து இரண்டு மாதங்களின் பின் பெற்றார் கூட்டத்துக்கு, பதினான்கு பெற்ற மாணவிக்காக அவளுடைய அம்மம்மா வந்திருந்தார். தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். போய் ஆறு ஆண்டுகள். இடையில் ஒரு தடவை வந்துபோனார். முதற் பரிசு பெற்ற பிள்ளையின் தந்தையும் அன்று வந்தார். விபத்து உண்மைதான், எப்போதோ குணமாகிவிட்டது. மேடையில் என்ன சொல்லவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்பதை வீட்டில் பலமுறை சொல்லிக்கொடுத்ததாக அவர் மறைக்காமலே சொன்னார். எல்லோரும் செய்வதுதானே என்ற எண்ணம் அவருக்கு. அவரைக் கோபிக்க எமக்கு என்ன தகுதி?

மறுநாள் அந்த மாணவியைத் தனியே அழைத்து, அம்மாவைப் பற்றி ஏன் மேடையில் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டோம். கேட்டபின்தான் கேள்வியின் இழிவு எமக்கு உறைத்தது. அவள் எம்மைச் சிறிது நேரம் பார்த்தாள். "பாட்டுப் போட்டி எண்டுதானே சேர் சொன்னீங்கள்?" என்றாள்.

இவ்வாண்டுப் போட்டிக்கான கூட்டம் அண்மையில் நடந்தது. அந்த இரண்டு நிமிடப் பேச்சை நீக்கவேண்டும் என்று சங்கீத ஆசிரியை சொன்னார், நாம் வழிமொழிந்தோம். அதைக் கேட்கத்தான் சனம் வருகிறது என்றார் இன்னொருவர். முடிவெதுவுமின்றிக் கூட்டம் கலைந்தது. பெயர் கொடுத்தோர் பட்டியல் விளம்பரப் பலகையில் தொங்குகிறது. தினமும் அதன்முன் நின்று பார்க்கிறோம். அவளுடைய பெயர் இன்னும் அதில் ஏறவில்லை.