மாதத்தின் பெயர் கொண்ட மனிதர்

கேப்டவுனில் எங்களுக்கு வாய்த்த காரோட்டியின் குடும்பப் பெயர் ஓர் ஆங்கில மாதத்தின் பெயர். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்மூரில் ஒருவர் தம்மை "ஐப்பசி" என்று அறிமுகம் செய்துகொண்டால் எப்படியிருக்கும்! மனிதர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

முதல் நாள் மேஜை மலைக்கு அழைத்துப் போனார். "ஏறினேன்" என்று எழுத ஆசைதான். ஆனால் 1929-ஆம் வருஷம் முதற்கொண்டு அங்கே கம்பியில் தொங்கி ஓடும் வண்டி இருக்கிறது. இப்போதுள்ள வண்டியின் தரை மெல்லச் சுழல்வதால், சமுத்திரமும் நகரமும் பாறைகளும் நம்மைப் பிரதக்ஷிணம் செய்வதாகத் தோன்றுகிறது. 3,500 அடிக்கு மேற்பட்ட அந்தச் சிகரம் இழைப்புளி போட்டு இழைத்தாற்போல் தட்டையாயிருக்கிறது. தென்கிழக்குக் காற்று வீசினால் வெண்மேகம் அதன் விளிம்பில் வழிந்து இறங்குமாம். அன்று வானம் நிர்மலம். தூரத்தில் ராபன் தீவு தெரிந்தது. நெல்ஸன் மண்டேலா தமது 27 வருஷச் சிறைவாசத்தில் 18 வருஷங்களைக் கழித்த தீவு அது. இந்த ஊர்த் துறைமுகத்திலிருந்துதான் காந்தியடிகள் 1914 ஜூலையில் கஸ்தூரிபாயுடன் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கப்பலேறினார்.

மறுநாள் திராட்சைத் தோட்டங்கள். 1685-இல் கவர்னர் ஸைமன் வான் டெர் ஸ்டெல் ஸ்தாபித்த கான்ஸ்டன்ஷியாவின் வெள்ளைச் சுவர் மாளிகையும், மலைச்சரிவில் வரிவரியாய் இறங்கும் கொடிகளும் கண்ணுக்குப் பெரு விருந்து. இவ்விடத்துத் தித்திப்பு மதுவை நெப்போலியன் செயின்ட் ஹெலினாவில் சிறையிருந்தபோது வரவழைத்துக் குடித்தானாம். மதுவிலக்கைப்பற்றி வருஷந்தோறும் பள்ளிக்கூடத்தில் பிரசங்கம் செய்கிற நான், நீட்டிய கிண்ணத்தை விலக்கிவிட்டு வெறும் திராட்சை ரசம் வாங்கிக் கொண்டேன். பிற்பகல் ஸ்டெல்லன்பாஷ் பக்கம் ஒரு பண்ணையில், இரு தூண்களுக்கிடையே பெரிய மணி ஒன்று தொங்கக் கண்டேன். கோயில் மணியோ என்று விசாரித்தேன். அடிமைகளை வேலைக்கு அழைத்த மணி என்றார்கள். அடிமை முறை ஒழிந்த பின்னும் கூலியின் ஒரு பகுதியை மதுவாகவே அளக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்ததென்று காரோட்டி சொன்னார். அந்தக் குடியின் கேடு கருவிலுள்ள குழந்தைகளையும் விடவில்லை.

புறப்படும் நாளன்று, 1679-இல் டச்சுக் கம்பெனி கட்டிய அடிமை விடுதிக்குப் போனோம். இப்போது அது பொருட்காட்சிசாலை. மடகாஸ்கர், மொஸாம்பிக், ஜாவா, வங்காளம், மலையாளம் ஆகிய இடங்களிலிருந்து மட்டுமல்ல; கம்பெனி பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் இந்நகரத்திற்கு மனிதர்களைக் கொண்டுவந்து விற்றிருக்கிறார்கள். பெற்றோர் இட்ட பெயரை அழித்து, "சோழமண்டலத்தான்" என்று ஊர்ப் பெயரை ஒட்டவைத்தார்கள். வேறு பலருக்கு ஜனவரி, ஏப்ரல், செப்டம்பர் என்று மாதத்தின் பெயரையே இட்டு அழைத்தார்கள். 1834-இல் விடுதலை என்றார்கள். பின்னும் நாலு வருஷம் பழைய எஜமானரிடமே உழைக்க வேண்டியிருந்தது. நஷ்ட ஈடு கிடைத்தது, எஜமானருக்கு!

இருபது வருஷமாகச் சரித்திரம் போதிக்கிறேன். வாஸ்கோடகாமா 1497-இல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்ததை எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதே கடலில் எதிர்த்திசையில் நம்மவர் விலைப்பொருளாய்ப் போனதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

வெளியே கார் காத்திருந்தது. மூன்று நாட்களாகத் தாராளமாய்ச் சொல்லிவந்த அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு நா எழவில்லை.

"ஸார்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்து, யாரை அழைக்கிறேன் என்று தெரியாமல், தமக்குப் பின்னாலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.