அம்மன் நகைக்கு மெஷின் பாலிஷ்: நாங்கள் பழகிய விதம்

 

ஆடித் திருவிழா நெருங்கிட்டா, அம்மனோட வெள்ளி நகைகளைத் துலக்குவது எங்கள் தொண்டர் குழுவின் வேலை. பூந்திக்கொட்டைத் தண்ணி, திருநீறு, பழைய வேட்டித் துணி, இதுதான் நம்ம பாட்டிமார் காட்டிய வழி. ஆனால் ஒட்டியாணத்தின் பூ வேலைப்பாட்டுக்குள்ளே படிந்த கருப்பைத் துணி எட்டுவதில்லை. அதற்காகத்தான் கையில் பிடித்து ஓட்டும் ரோட்டரி மெஷினைப் பழக ஆரம்பித்தோம். ஈப்போவில் நகைப் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

அவர் முதலில் சொன்னது: மெஷின் கருப்பை மட்டும் எடுக்காது, கூடவே வெள்ளியையும் கொஞ்சம் எடுத்துடும். நமக்கு இது பெரிய விஷயம். எங்களிடம் உள்ள நகைகளில் பல, மூடப்பட்ட தோட்டத்துக் கோயில்களிலிருந்து வந்தவை. பால் மரம் வெட்டியவர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அம்மனுக்குச் செய்து போட்டவை. பின்பக்கம் புள்ளி புள்ளியாக உபயதாரர் பெயர் குத்தியிருக்கும். இன்றைக்கு அந்த லயமும் இல்லை, ரப்பர் மரமும் இல்லை, எல்லாம் செம்பனை. மிச்சம் இருப்பது அந்தப் பெயர்தான். சக்கரம் அதன்மேல் ஓடினால் எழுத்து மழுங்கிடும். அதனால் பெயர் உள்ள பக்கத்தில் மெஷின் வைப்பதே இல்லை.

மற்ற கோயில் தொண்டர்களுக்கும் உதவும் என்று, கற்றதை இங்கே எழுதுகிறோம்.

வேகம்: இந்த மெஷின்கள் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேலும் ஓடும். பிரஷுக்கும் பாலிஷ் சக்கரத்துக்கும் 15,000-ஐத் தாண்ட வேண்டாம். அழுத்தாதீங்க, ஒரே இடத்தில் நிறுத்தாதீங்க.

கெம்பு நகை: பழைய முறையில் கட்டிய கல்லுக்கு அடியில் அரக்கோ மெழுகோ இருக்கும். சூடு பட்டால் இளகி, கல் ஆடும். தங்க முலாமும் சீக்கிரம் தேய்ந்து போகும். இரண்டுக்கும் மெல்லிய துணி மட்டும் போதும்.

பாலிஷ் கட்டி: பலவற்றில் விலங்குக் கொழுப்பு கலந்திருக்கும். சுவாமி காரியம் என்பதால், கேட்டு விசாரித்து வாங்குங்க. பித்தளை விளக்குக்குப் பிடித்த சக்கரத்தை வெள்ளிக்கு வைக்காதீங்க.

பாதுகாப்பு: கண்ணாடி, மாஸ்க் கட்டாயம். முடியை முடிந்துகொள்ளணும், துப்பட்டா தொங்கக் கூடாது. சங்கிலியைத் தொங்கவிட்டு ஓட்டினால் சக்கரம் சுற்றி இழுத்துடும்; பலகையில் படுக்க வைத்துப் பிடிக்கணும். காப்புக் கயிறு கட்டியவர்கள் மெஷினில் உட்கார வேண்டாம். கயிற்றைக் கழற்ற முடியாது, சிக்கினால் கை போகும். அவர்கள் துணியால் துலக்கட்டும்.

இன்னொன்று. 1877-இல் குவாலா கங்சாரில் ரப்பர் கன்று நட்ட பேராக் நம்முடையது. ஆனால் வெள்ளிக்கு ரப்பர் பேண்ட் ஆகாது. அதில் சேர்க்கும் கந்தகம் வெள்ளியைக் கருக்க வைக்கும். பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாமல் வைத்தால் அடுத்த வருஷம் மெஷினுக்கு வேலை குறையும்.

பூ வேலையின் பள்ளத்தில் கொஞ்சம் கருப்பு தங்கினால் தங்கட்டும். அது இருந்தால்தான் இதழ் எடுப்பாகத் தெரியும். தாயாரின் நகை புதுசு மாதிரி மின்ன வேண்டியதில்லை. கொடுத்தவர் பேரோடு இருந்தால் போதும்.