சிற்றலையை விழுங்கிய வானம்

1994ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டுப் பத்திரிகையொன்றில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்திருந்தேன். இரவுச் செய்தி கேட்பதற்கு எங்களிடமிருந்த ஒரே வழி, தலைகீழாக நிறுத்திய சைக்கிள்தான். நண்பர் ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோ மின்சாரத்தில் வானொலி பேசும். நான் குறிப்பெடுப்பேன்.

ஓரிரவு, குண்டுவீச்சுக்குள்ளான ஊரின் பெயரை அறிவிப்பாளர் சொன்ன கணத்தில் ஒலி அமிழ்ந்துபோயிற்று. முதலெழுத்து மட்டுமே காதில் விழுந்தது. ஊகித்து ஒரு பெயரை எழுதிக் கொடுத்தேன். மறுநாட் காலை முதியவர் ஒருவர் அலுவலக வாசலில் வந்து நின்றார். நான் எழுதிய ஊரில்தான் அவருடைய மகள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அங்கு எதுவும் நடக்கவில்லையென்பது உறுதியாக மாலையாயிற்று. அதுவரை அவர் வாசற்படியை விட்டு எழவில்லை. பெடல் சுற்றிய நண்பரை அன்று நான் ஏசினேன்.

நான் கலைப்பீடத்தில் படித்தவன். சிற்றலைக்கு வானமே கூரை என்பதைப் பின்னாளில்தான் அறிந்துகொண்டேன். தரையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றருக்கு மேல், சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த அயன்மண்டலம் இருக்கிறது. வானொலி அலைகள் அதில் வளைந்து பூமிக்குத் திரும்புகின்றன. நமது தீவோ காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ளது. இப்பகுதிகளில் சூரியன் மறைந்த பின்னர் அயன்மண்டலத்தின் அடியிலிருந்து குமிழிகள் போன்ற வெற்றிடங்கள் மேலெழுவதுண்டு. அவ்வேளைகளில் வானொலி அலைகள் தடுமாறும். ஆகவே குற்றவாளி எப்போதும் பெடல் சுற்றியவராக இருக்கவேண்டியதில்லை.

இந்தக் குழப்பங்களுக்கெல்லாம் சூரியனே காரணமென்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2006இல் வெளியான செய்மதி ஆய்வொன்று, வெப்பவலய இடிமழைப் பிரதேசங்களில் பிறக்கும் காற்றலைகள் அயன்மண்டலத்தின் வடிவத்தையே மாற்றுவதைக் காட்டியது. 2009 ஜனவரியில் சூரியன் மிக அமைதியாக இருந்தது. ஆயினும் வடதுருவத்துக்கு மேலே திடீரென வளி வெப்பமடைந்தபோது, தொலைவிலுள்ள பெரு நாட்டின் வானில் அயன்மண்டலம் மாறியது. கீழே பெய்யும் மழைக்கும் மேலே மறையும் ஒலிக்கும் உறவுண்டு என்பது தெளிவாயிற்று.

அப்படியானால் வானத்தைக் கூறுபோட்டுக் கணிப்பது எங்ஙனம்? வழமையான வானிலைக் கணினி மாதிரிகள் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் உயரம் வரைதான் பார்க்கும். அமெரிக்காவின் தேசிய சமுத்திர, வளிமண்டல நிர்வாகம் தனது அன்றாட வானிலை மாதிரியையே 150 அடுக்குகளாக்கி, ஏறத்தாழ 600 கிலோமீற்றர் வரை உயர்த்தியது. இந்த முழு வளிமண்டல மாதிரி, அயன்மண்டல மாதிரியொன்றுடன் இணைக்கப்பட்டு 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தரையின் புயலும் சூரியனின் புயலும் அங்கே ஒரே கணக்கில் சேர்கின்றன.

இதன் தேவை விரைவிலேயே புலப்பட்டது. 2022 பெப்ரவரி 3ஆம் திகதி ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 49 ஸ்டார்லிங்க் செய்மதிகளை ஏவியது. பூமியிலிருந்து சுமார் 210 கிலோமீற்றர் உயரத்தில் அவை விடப்பட்டன. மறுநாள் வந்தது பெரும் புயலன்று. சாதாரணமான புவிகாந்தப் புயல்தான். ஆனால் மேல்வளி சூடாகித் தடித்தது. இழுவை அதிகரித்து, 38 செய்மதிகள் மேலேற முடியாமல் வீழ்ந்து எரிந்தன.

செய்மதிகள் போனால் பணம் போகும். ஆனால் ஆழ்கடலில் வழிகாட்டும் கருவியை நம்பிச் செல்லும் மீனவனுக்கும், சமுத்திரத்தின் மேல் சிற்றலையில் பேசும் விமானிக்கும் உயிரல்லவா பணயம்! அந்தியில் எழும் குமிழிகளை ஊர் ஊராக முன்கூட்டிச் சொல்வது இன்றும் கடினமே. எனினும், எந்த இரவில் நம்பலாம், எந்த இரவில் நம்பக்கூடாது என்று சொல்லும் திசையில் விஞ்ஞானம் நடந்துகொண்டிருக்கிறது.

"இன்றிரவு ஒலியை நம்பாதே" என்று அன்று எனக்கு யாரேனும் சொல்லியிருந்தால், ஊரின் பெயர் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருப்பேன். சொல்லாவிட்டாலும் விட்டிருக்கவேண்டும். அந்தப் பிழைக்கு வானத்தில் காரணம் தேட முடியாது; அது என்னுடையது.